நற்பெயர்

வானொலி நிலையத்துக்கு விலை போட
டப்ளினிலிருந்து என்னை அனுப்பினார்கள்.
மூன்று நாள், ஒரு விடுதி அறை, ஒரு மடிக்கணினி.
வாங்குகிறவர்களிடம் ஏற்கெனவே பதினொரு நிலையங்கள்.
"டஜனாகிவிடும்" என்றார் மேலாளர்
ரயிலேற்றிவிட்டபோது.

கோபுரம் ஒன்று, குன்றின்மேல்; கால்களில் துரு.
கலவை மேசை இரண்டு; ஒன்றில் தேநீர் கொட்டியிருக்கிறது.
வண்டி ஒன்று; பக்கவாட்டில் நிலையத்தின் பெயர்,
ஓர் எழுத்து உதிர்ந்து.
உரிமம், இன்னும் நான்கு ஆண்டுக்கு.

மாட்டுச் சந்தை நடத்தும் மாலக்கி டைவரிடம்
நூற்றுக்குப் பதினாறு பங்கு.
"எண்பத்தொன்பதில் இரண்டு காளை விற்றுப் போட்ட காசு.
இன்றைக்கு நாற்பது காளை விலை தருகிறேன் என்கிறார்கள்.
பாசத்துக்காகக் காளையைக் கட்டிவைத்திருப்பவனை
நீ எங்காவது பார்த்திருக்கிறாயா?"
பார்த்ததில்லை.
அவர் கணக்கில் பிழையும் இல்லை.

காலை ஒன்பது பத்துக்கு
டிம்ஃப்னா கெரின் மரண அறிவிப்பு வாசிக்கிறாள்.
பெயர், ஊர், எந்தத் தேவாலயம், எத்தனை மணி,
பூக்கள் வேண்டாம்,
வீட்டுக்குக் குடும்பத்தார் மட்டும்.
அந்த நான்கு நிமிடத்துக்குத்தான்
நாளிலேயே அதிகம் பேர் கேட்கிறார்கள்.
என் அட்டவணையில்
அதற்கு ஒரு கட்டம் தேடிக்கொண்டிருந்தேன்.

"மார்ட்டின் கில்ராய், சிவப்பு" என்று வாசித்தாள்.
சிவப்பு என்றால்?
தலைமுடியுமில்லை, கட்சியுமில்லை,
அவன் பாட்டன் அடித்த கதவுச் சாயம்.
அந்தச் சரிவில் மார்ட்டின் கில்ராய் மூன்று பேர்:
சிவப்பு, தபால்,
பட்டம் எதுவும் ஒட்டாத வெறும் மார்ட்டின்.
முன்பொருமுறை தபாலின் அறிவிப்பை,
அவள் விடுப்பில் இருந்தபோது,
கோடை விடுமுறைக்கு வந்த மாணவன்
பட்டத்தை விழுங்கி வாசித்துவிட்டான்.
பொழுது சாய்வதற்குள்
வெறும் மார்ட்டின் வாசலில் மூன்று கார்கள்,
முட்டை சாண்ட்விச் தட்டுகளோடு.
கதவைத் திறந்தவன்
ஒரு தட்டை வாங்கிக்கொண்டுதான்
தான் சாகவில்லை என்று சொன்னானாம்.

வரவேண்டிய பாக்கிகளைப் புரட்டினேன்.
இறுதிச்சடங்கு நடத்தும் ஃபாக்ட்னா லாலர்
பதினான்கு மாதமாகத் தரவில்லை; தந்துவிடுவார்.
ஒரு வரி மட்டும்
இரண்டாயிரத்து ஒன்பதிலிருந்து இடம் பெயராமல்:
குழந்தை ஹெஃபர்னன். முப்பத்தைந்து யூரோ.
பக்கத்தில் பென்சிலில், "கேட்காதே."
யார் எழுதியது என்று
நானும் கேட்கவில்லை.
வாராக்கடனில் சேர்த்தேன்.

மூன்றாம் நாள் டிம்ஃப்னா
என் மேசை விளிம்பில் உட்கார்ந்தாள்.
"உன் பட்டியலில் நான் எங்கே?"
"செலவில்."
சிரித்தாள். நான் எதிர்பார்த்ததைவிட நீளமாக.

பிறகு ஒரு கடிதத்தைக் காட்டினாள்.
இந்த மாவட்டத்தின் எண்ணூற்றுப் பன்னிரண்டு ஊர்ப்பெயர்களை
அவள் குரலில் பதிந்து தர வேண்டும்.
அப்புறம் கார்க் நகரத்தில் ஓர் இயந்திரம்
அவளைக்கொண்டு வாசித்துக்கொள்ளும்.
"ஒரு பெயருக்கு எவ்வளவு கேட்கலாம்?"
சொல்லக் கூடாது; சொன்னேன்.
கையிலேயே பெருக்கிப் பார்த்தாள்,
பேனா மை உள்ளங்கையில் பரவ.
"கூரைக்கு ஆகும்" என்றாள்.

"பட்டங்கள்?" என்றேன்.
"எந்தப் பட்டம்?"
"சிவப்பு. தபால்."
"அவர்கள் ஊரைத்தான் கேட்டார்கள்."
கடிதத்தை நாலாய் மடித்துப் பையில் வைத்தாள்.
"கேட்காததற்கு விலை சொல்ல
நான் என்ன மாலக்கியா?"

இரவு ரயிலில் அறிக்கையை முடித்தேன்.
நற்பெயர்: ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்
சூத்திரம் இருக்கிறது, காட்டுவேன்.
எதிர் இருக்கையில் ஒருவன்
முட்டை சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

கடைசிப் பக்கத்தில் எப்போதும் வரும் வாசகம்:
வாங்குபவருக்குத் தெரியவேண்டிய எதுவும்
என்னால் மறைக்கப்படவில்லை.

கையெழுத்துப் போட்டேன்.